பனிவெளியில் யாரும் இறப்பதில்லை

சென்ற கோடை முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துருவமான்கள் மேய்ந்தன. காலை இட்லிக்கும் பதினொரு மணிக் காப்பிக்கும் இடையே அவை ஓடின, நின்றன, வழி தவறின, திரும்பக் கிடைத்தன. ஓடுகிற மான், ஓடிய மான், மானை ஓட்டுகிறவன், மானை ஓட்டும் கோல், மான்கள் ஓடும் இடம் என்று ஒரே வினையடி எத்தனை வேடம் புனையுமோ அத்தனையும் எங்கள் சட்னிக் கிண்ணங்களுக்கு நடுவே புனைந்து முடித்தது. அந்த மானையே நேரில் கண்டிராத மூவர், திருவனந்தபுரத்து வெக்கையில், மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து இதைச் செய்துகொண்டிருந்தோம்.

மான்களைக் கொண்டுவந்தவள் என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை, ஐம்பதைக் கடந்தவள், நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். பிறர் பேரக்குழந்தைகளுக்குப் பெயர் தேடும் வயதில் அவள் மொழியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டாள். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சத்கா தீபகற்பத்தில், மான் மேய்ப்பவர்களும் மீனவர்களும் பேசும் கொரியாக் என்னும் மொழியே அவளுடைய ஆய்வுப்பொருள். அந்தக் கோடையில் அவளை வாட்டிய நான்காம் அத்தியாயம், அம்மொழியின் எச்சங்களையும் வினையிலிருந்து பிறக்கும் பெயர்களையும் பற்றியது.

ஏன் கொரியாக் என்று நான் ஒருமுறை கேட்டேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மைனி, ‘அடியேன்’னு சொல்லுதோம்லா? பேருக்குப் பின்னாலயே ‘நான்’ ஒட்டிக்கிட்டு நிக்கி. அவங்க மொழியிலயும் அப்படித்தான். ‘ஓடுகிறவன்’ங்கிற ஒரே சொல்லுக்குப் பின்னால ‘நான்’னு ஒரு வாலை ஒட்டிவிட்டா, ‘ஓடுகிறவனாகிய நான்’. எனக்கு அதைப் பாத்ததும் சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி ஆயிட்டு.”

“பக்கத்திலே மலையாளம் இருக்கே, அது சொந்தமில்லையா?”

“மலையாளத்துல அந்த வாலையெல்லாம் நறுக்கியாச்சு. ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு. வந்தது யாருன்னு நாமதான் வாசல்ல போய் எட்டிப் பாக்கணும்.”

இந்தக் குறும்பு அவளுக்கு எப்போதும் உண்டு. அந்தக் கொரியாக் எச்சத்தின் விகுதியில் ஒரு லகரம் வரும். அதன் பின்னால் மூச்சு ஒரு கணம் தொண்டைக்குள் அடைபட்டு நிற்கும். மாடியில் அவள் அதைப் பயிற்சி செய்வது கேட்டு, விக்கல் என்றெண்ணி நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவளும் மறுக்காமல் குடித்திருக்கிறாள். அம்மொழியில் வினையோடு ஒரு விகுதி சேர்ந்தால் செயலின் பெயர், இன்னொன்று சேர்ந்தால் அந்தச் செயலுக்கான கருவி, வேறொன்று சேர்ந்தால் அது நடக்கும் இடம். இதைக் கற்றுக்கொண்ட வாரத்தில் அவள் வீட்டிலுள்ள யாவற்றுக்கும் புதுப்பெயர் சூட்டினாள். என் கணவரின் சாய்வுநாற்காலி உறங்குமிடமாயிற்று. செய்தித்தாள் உறங்குகருவி. அவர், காப்பி கேட்கிறவர்.

“கேட்கிறவன்தான். கிடைக்கிறவன்னு ஒரு விகுதி உண்டா உங்க மொழியில?” என்றார் காப்பி கேட்கிறவர்.

என் கணவரைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கதையின் முடிச்சு அவர் நாக்கில்தான் விழுந்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் தானிய மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம் அவருடையது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. சாக்குமூட்டைகளின் மணம் மட்டும் இன்னும் போகவில்லை. அந்தக் கடையிலும் வீட்டிலும் சில சொற்களுக்கு நுழைவே கிடையாது. அரிசி தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அரிசி நிறைந்திருக்கிறது என்பார்கள். விளக்கை அணைக்கமாட்டார்கள், குளிர வைப்பார்கள். கடையை மூடமாட்டார்கள், எடுத்து வைப்பார்கள். எவரும் எங்கும் போவதில்லை, வந்துகொண்டே இருப்பார்கள். ஆசிரியர் குடும்பத்தில் பிறந்த நான் புதுப்பெண்ணாக வந்த முதல் வாரத்திலேயே, “புளி தீந்து போச்சு” என்று உரக்கச் சொன்னேன். அடுக்களையில் விழுந்த அமைதியில் தாளிப்பு கருகிப்போனது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பொறியியல் படிக்க ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். விடுதியில் சர்க்கரை தீர்ந்தபோது, அறைத்தோழனிடம் கலப்படமற்ற ரஷ்ய மொழியில், “சர்க்கரை நிறைந்திருக்கிறது” என்றாராம். அந்த ரஷ்யப் பையன் அலமாரி அலமாரியாகத் தேடி, கடைசியில் இவர் ஒளித்து வைத்திருப்பதாக முடிவு கட்டி, ஒரு மாதம் பேசவில்லை. மொழி மாறியும் வழக்கம் மாறவில்லை. பாலங்கள் கட்டும் பொறியாளராக வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தார். ஒரு பாலம் இடிந்துவிட்டது என்று சொன்னதேயில்லை. “இறங்கி இருக்கு” என்பார்.

மூன்றாண்டுகளுக்கு முன், நாத்தனாரின் கணவர் தம்பானூரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், அங்கேயே முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. அவள் தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சிக்கு ‘அன்னைக்கு’ என்று பெயர். அதன் பிறகான காலத்துக்கு ‘அதுக்கப்புறம்’. என் கணவர் அதற்கு மேல் ஒரு எழுத்தும் சேர்க்கமாட்டார். தங்கையின் முன்னால் அந்த வினைச்சொல்லை எந்த வடிவத்திலும் உச்சரிக்கலாகாது என்பது அவர் இயற்றாமல் இயற்றிய சட்டம். செல்பேசியின் மின்கலம் செத்துவிட்டது என்று வேலைக்கு வரும் பெண் சொன்னால்கூட அவர் முகம் சுருங்கும். சொல்லை விலக்கியதில் ஆளும் விலகிப்போனார். அந்த மனிதரைப் பற்றி எதைப் பேச எடுத்தாலும் இறுதியில் அந்த வாசலில் போய் நிற்க வேண்டியிருந்ததால், நாங்கள் எடுக்காமலே இருந்துவிட்டோம்.

‘அன்னைக்கு’க் கைவிட்ட ஆய்வை அவள் மறுபடி எடுத்தபோது என் கணவர் மகிழ்ந்து முன்வந்தார். கொரியாக் மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் வேண்டும். அவரோடு பேச ரஷ்ய மொழி வேண்டும். ரஷ்ய மொழி அண்ணனிடம் இருந்தது. அவளுடைய ஆய்வு நெறியாளர் யார்யாரையோ பிடித்து, கம்சத்காவின் கடலோரக் கிராமம் ஒன்றில் இருந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரைத் தேடிக் கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, கன்னங்கள் ஆப்பிள்போல் உருண்டிருக்கும். எங்களுக்குக் காலையாக இருக்கும்போது அவருக்கு மாலை. மடிக்கணினித் திரையில் அவர் தேநீருடன் வந்து அமர்வார். நாத்தனார் தமிழில் கேட்பாள், அண்ணன் ரஷ்ய மொழியில் கேட்பார், அந்த அம்மாள் கொரியாக்கில் சொல்வார், பதிவாகும். எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. காய் நறுக்கும் சாக்கில் நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். என் கணவர் என் காதருகே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டிருப்பார்.

“என் ரஷ்ய மொழி பழைய வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்காம்,” என்று முதல் நாளே பெருமையோடு சொன்னார்.

“அதைப் பாராட்டுன்னா நினைச்சீங்க?” என்றேன்.

அந்த அம்மாளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நடக்காததைச் சொல்லமாட்டார். “‘வந்த என் மகன் உறங்குகிறான்’ என்று உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டால், “என் மகன் வரவில்லையே. வந்த பிறகு கேளுங்கள்,” என்பார். இலக்கணத்துக்காக ஒரு பேச்சுக்குச் சொல்லுங்கள் என்று என் கணவர் கெஞ்சுவார். “வகுப்பில் பிள்ளைகள் பொய் சொன்னால் நான் வெளியே நிறுத்தியவள்,” என்பது பதில். ஆகவே நாத்தனார் தன் கேள்விகளை எல்லாம் மெய்யாக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டு நாயை விசாரித்து, அண்டை வீட்டுக்காரரின் படகை விசாரித்து, உண்மையில் ஓடியது எது, உடைந்தது எது, ஊறுகிறது எது என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகே எச்சத்துக்குப் போவாள். ஒரு வினைக்கு அரை மணி நேரம் ஆகும். அதில் கால் மணி நேரம் நாயின் உடல்நலம்.

மே மாதக் கடைசியில் அத்தியாயம் எழுதி முடிந்து நெறியாளருக்குப் போயிற்று. பதிவுக்காலம் ஜூன் மாதத்தோடு முடிகிறது; இரண்டு முறை நீட்டித்தாயிற்று; மூன்றாம் முறை கிடையாது. நெறியாளர் கையெழுத்திட்டால் ஏட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால், இத்தனை ஆண்டு மான் மேய்த்தது வீண்.

அவர் தொலைபேசியில் அழைத்தது ஒரு சனிக்கிழமை. நாத்தனார் தோசைக்கல்லின் முன்னால் நின்றதால் ஒலிபெருக்கியில் போட்டாள். அவர் மலையாளி, தங்கமான மனிதர், கண்டிப்பானவர்.

“டீச்சரே, ஒரு சம்சயம். நிங்ஙளுடெ துந்த்ராயில் ஆரும் மரிக்கில்லே?”

உங்கள் பனிவெளியில் யாரும் இறப்பதே இல்லையா என்பது கேள்வி. அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எந்த மொழியை ஆராய்ந்தாலும், இறத்தல், கொல்லுதல் இரண்டையும் எல்லோரும் கேட்பார்களாம். செய்தவனையும் செய்யப்பட்டவனையும் எச்சம் எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பது அவற்றில்தான் தெளிவாகத் தெரியுமாம். கேள்விப்பட்டியலில் அவை இருக்கின்றன. ஆனால் பதில்கள் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் உறங்குகிறார்கள். உறங்கியவன், உறங்கிய மான், உறங்கியவனின் மனைவி. ஓநாய் வரும் இடத்தில் அது மானைப் பார்க்கிறது, பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. இவ்வளவு சாந்தமான ஓநாயை உலக இலக்கணத்தில் தான் கண்டதில்லை என்றார். அந்த இரண்டு வினையும் இல்லாமல் கையெழுத்திடத் தமக்கு மனமில்லை என்றும், வருத்தத்தோடு, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

அழைப்பு முடிந்தது. சாய்வுநாற்காலியில் செய்தித்தாள் உயர்ந்து ஒரு முகத்தை மறைத்திருந்தது.

“அண்ணே.”

“ம்.”

“அந்தக் கேள்வியெல்லாம் எப்படிக் கேட்டீங்க?”

“கேக்க வேண்டிய மாதிரி கேட்டேன்.”

“இறந்தவன்னு கேட்டீங்களா?”

செய்தித்தாள் ஒரு பக்கம் புரட்டிக்கொண்டது. “துஞ்சினவன்னு கேட்டேன்.”

“அண்ணே!”

“என்னை என்னத்துக்கு முறைக்க? உன் மைனிதானே பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக் குடுத்தா, செத்தாரைத் துஞ்சினார்னு சொல்லணும், அதுதான் மங்கல வழக்குன்னு? துஞ்சுதல்னா உறங்குதல். அதைத்தான் கேட்டேன். ரஷ்யாக்காரனும் அப்படிச் சொல்லுவான்.”

“நான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன்,” என்றேன் நான். “கம்சத்காவுக்குப் பாடத்திட்டம் எழுதலை. சரி, ஓநாய் கொன்ன மானை என்ன செய்தீங்க?”

“ஓநாய் பாத்த மான்.”

“அந்த மான் பிழைச்சுதா?”

“பிழைச்சிருக்கும்,” என்றார் அவர், மெய்யான நம்பிக்கையோடு. “வயசான பொம்பளை. வீட்டுக்காரரும் இல்லாதவங்க. அவங்ககிட்டப் போய் செத்தவன், செத்தவனோட பெண்டாட்டின்னு வரிசையா கேக்கவா? மனசாட்சி வேண்டாமா?”

அவர் கம்சத்காவைப் பற்றிப் பேசினாலும் பார்வை தோசைக்கல்லின் பக்கமே இருந்தது. யாருக்காக அந்த ஓநாய் பட்டினி கிடந்தது என்று எனக்குப் புரிந்தது. தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவளுக்கும் புரிந்திருந்தது.

பிற்பகல் அவள் அடுக்களைக்கு வந்து, நான் உரித்துக்கொண்டிருந்த உள்ளியில் பாதியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும் மைனி. முதல் நாளே தெரியும். எனக்கு ரஷ்ய மொழி அவ்வளவு தெரியாட்டாலும், உறக்கத்துக்கு என்ன சொல்லுன்னு தெரியாதா? கொரியாக்லயும் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் சும்மா இருந்தே?”

“அண்ணன் அந்த இடத்துல வந்து ஒரு நிமிஷம் நின்னாங்க. தண்ணி குடிச்சாங்க. என் முகத்தைப் பாத்தாங்க. பிறகு உறங்கினவன்னு கேட்டாங்க. எனக்கு ஆசுவாசமாத்தான் இருந்தது, மைனி. சரி, நாளைக்குக் கேட்டுக்கலாம்னு விட்டேன். நாளைக்கும் அப்படியே. கடைசியில கைடுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன் பாருங்க, அதான் பெரிய பொய்.” சிரிக்க முயன்றாள். “என் ஆராய்ச்சியே ஒரு சொல்லைச் சுத்தி நடந்து நடந்து போட்ட வட்டம்.”

“வட்டத்தை இப்பவும் உடைக்கலாம்லா.”

“வியாழக்கிழமை அவங்க மீன்பிடி முகாமுக்குப் போறாங்க. அங்க நெட்டும் இல்லை, கரண்டும் இல்லை. இலையுதிர்காலத்துலதான் திரும்புவாங்க. புதன்கிழமை ஒருநாள்தான் இருக்கு.”

அந்த நாட்களில் என் கணவர் மாற்றுத் திட்டங்கள் தீட்டினார். இறத்தலுக்குப் பதிலாக மறைதல் என்று கேட்டால் என்ன? விழுதல்? உதிர்தல்? ஒரு சொல் இல்லாததால் ஒரு மொழி குறைந்துவிடுமா? அரிசிக் கடையில் ஒரு ரகம் வராவிட்டால் வேறு ரகத்தைக் காட்டுவதில்லையா? தங்கை ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, “வேண்டாம் அண்ணே,” என்றாள். செவ்வாய்க்கிழமை மாலை அவர் தம்மைத் தயார் செய்துகொண்டார். வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தபடி, கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்போல ஒரே ரஷ்ய வாக்கியத்தை முணுமுணுத்தார். “நானே கேக்கேன். கேட்டுருவேன். இதுல என்ன இருக்கு?” என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். இதில் என்ன இருக்கிறது என்று நானும் இரண்டு முறை ஆமோதித்தேன்.

புதன் காலை மழை தொடங்கியது. இணைப்பு விட்டுவிட்டு வந்தது. திரையில் அந்த அம்மாள் தோன்றியபோது பின்னால் மூட்டைகள் கட்டி வைத்திருந்தது தெரிந்தது. என் கணவர் வணக்கம் சொன்னார். தட்பவெப்பம் கேட்டார். நாயைக் கேட்டார். இந்த ஆண்டு மீன் எப்படி என்று கேட்டார். மீன் இன்னும் வரவில்லை, வந்த பிறகு கேளுங்கள் என்றார் அவர். பிறகு என் கணவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். வராந்தாவில் நூறுமுறை நடந்த வாக்கியம் வாசல்படியிலேயே நின்றுவிட்டது. பாலங்களைத் தாங்கிய மனிதர், ஒரு வினையைத் தாங்க மாட்டாமல், மறுபடியும் நாயின் பக்கம் திரும்பினார்.

நாத்தனார் மெல்ல மடிக்கணினியைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுடைய ரஷ்ய மொழி ஓட்டையும் உடைசலுமானது. கொரியாக் ஏட்டளவில் கற்றது. இரண்டையும் முடிச்சுப்போட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழக்கத்தில் கணவர் பக்கம் சாய்ந்து, “என்ன சொல்லுதா?” என்றேன்.

அவர் வாயைத் திறந்து மூடினார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும். முப்பது வருடம் பின்வரிசைப் பையன்கள் செய்யுள் ஒப்பிக்கக் காத்திருந்தவள்.

“‘என் வீட்டுக்காரர்…’” என்றார். “‘என் வீட்டுக்காரர் இறந்துட்டார். மூணு வருஷம் ஆகுது.’” குரல் மிகத் தாழ்ந்திருந்தது. “‘இறந்தவர் நல்லா பாடமாட்டார்.’ அதை அவங்க மொழியில சொல்லச் சொல்லி கேக்கா.”

திரை அப்படியே உறைந்தது. அந்த அம்மாளின் முகம், பாதி மூடிய கண்களுடன், சிறு சதுரங்களாக நின்றது. புண்பட்டுவிட்டாரா, இணைப்புதான் அறுந்ததா என்று சொல்ல முடியவில்லை. மழை ஓட்டின் மேல் பெய்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தச் சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சதுரங்கள் கலைந்தன. அந்த அம்மாள் திரைக்கு மிக அருகில் வந்திருந்தார். ஏதோ கேட்டார்.

“‘மெய்யாவே நல்லா பாடமாட்டாரா?’ன்னு கேக்காங்க,” என்றார் என் கணவர். “‘நீ கோபத்துல சொல்லுதியா? எவ்வளவு மோசம்?’னு.”

மெய்யல்லாததைச் சொல்லாதவர் அல்லவா? நாத்தனார் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, தன் கணவர் காலையில் குளியலறையிலிருந்து பாடும் பழைய சினிமாப் பாட்டின் முதல் அடியை, அவர் பாடுகிற மாதிரியே பாடிக்காட்டினாள். மேல்ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடத்தில் அவர் மூக்கால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அவளும் அதே வழியில் போனாள். மூன்றாண்டாக எங்கள் வீட்டுக்கு வராத மனிதர் சட்டென்று ஈரத்தலையோடு வந்து நின்றதைப் போலிருந்தது. என் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தார். தேநீர் மேசையில் சிந்தியது.

சிரித்து முடித்ததும், “சரி, இது மெய்தான்,” என்று தீர்ப்பளித்துவிட்டு, வாக்கியத்தைக் கொரியாக்கில் சொன்னார். லகரத்தின் பின்னால் மூச்சு நின்றது. இரண்டாம் முறை மெதுவாகச் சொன்னார். நாத்தனார் திருப்பிச் சொன்னாள், அவர் திருத்தினார், மறுபடி சொன்னாள்.

அதற்கப்புறம் மடை திறந்தது. தம் கணவர் இறந்து பதினோரு குளிர்காலம் ஆகிறது என்றார். அவர் நன்றாகப் பாடுவாராம். ஆனால் ஒரே ஒரு பாட்டு. இறந்தவரின் படகு, இறந்தவர் கட்டிய அடுப்பு, இறந்தவரோடு கோபித்துக்கொண்டு இன்றும் வராத மைத்துனர் என்று அவராகவே ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் மெதுவாகத் திரும்பச் சொன்னார். நடுவே நிறுத்தி, ஒன்று கேட்க வேண்டும் என்றார்: அப்படியானால் இரண்டு மாதமாக ஏன் உறங்கியவர்களைப் பற்றியே விசாரித்தீர்கள்? உங்கள் ஊர் வெயிலில் ஜனங்கள் பகலெல்லாம் உறங்குவார்கள் போலிருக்கிறது, பாவம், வேறு சிந்தனையே இல்லை என்று மகளிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாராம்.

இதைத் தமிழில் சொல்லி முடித்த என் கணவரிடம், “ஓநாயையும் கேட்டிருங்க அண்ணே,” என்றாள் தங்கை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வானொலிக் குரலில், ஓநாய் கொன்ற மானைக் கேட்டார். கொல்லப்பட்ட மானைக் கேட்டார். மானைக் கொன்ற ஓநாயைக் கொன்றவனையும், யாரும் கேட்காமலே, கேட்டார். ஒருமுறை தொடங்கிய பிறகு அவரை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. காப்பி ஆறிப்போயிற்று. ஆறிப்போயிற்று என்று நான் சொன்னதையும் அவர் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து, திருத்திய அத்தியாயத்தை நெறியாளருக்கு அனுப்பும் முன், நாத்தனார் அதை அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். ரஷ்ய மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்க வேண்டும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் பரப்பினார். எடுத்துக்காட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: மேலே கொரியாக், அடுத்து ரஷ்யன், அதனடியில் ஆங்கிலம். ஒவ்வொன்றையும் தாமே தமிழாக்கி உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

“‘இறந்தவர் நன்றாகப் பாடமாட்டார்,’” என்று படித்தார். நிறுத்தினார். பென்சிலைக் கீழே வைத்தார். நானும் அவளும் அவரைப் பார்த்தோம்.

“இது தப்பு,” என்றார்.

“என்ன அண்ணே தப்பு? விகுதியா?”

“விகுதி சரி. சங்கதி தப்பு. மாப்பிள்ளை அவ்வளவு மோசமா ஒண்ணும் பாடமாட்டார். உங்க கல்யாணத்து அன்னைக்குச் சாயங்காலம் பாடினாரே, கூட்டமே உக்காந்து கேட்டுது.”

“அண்ணே, அன்னைக்குப் பந்தி இன்னும் போடலை. அதனால உக்காந்திருந்தாங்க.”

“சுருதி இருந்தது அவருக்கு.”

“சுருதிப்பெட்டி இருந்தது. கூட வாழ்ந்தவ நானா நீங்களா?”

“ஒரு மனுஷன் இறந்த பிறகு, அவர் பாட்டைப் பத்தி இப்படி ஒரு பல்கலைக்கழகத்துல போய்ப் பதிவு பண்ணலாமா?” என்று அவர் என்னிடம் நியாயம் கேட்டார். அந்த வினை அவர் வாயிலிருந்து வந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. “குறைஞ்சது ஒரு அடிக்குறிப்பாவது போடச் சொல்லு. இது ஆய்வாளரின் தனிப்பட்ட கருத்து, குடும்பத்தில் மற்றவர்களுக்கு மாற்றுக்கருத்து உண்டுன்னு.”

“போடமாட்டேன்,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று இருவருக்கும் நினைவூட்டினேன். காதில் விழவில்லை. இறந்தவர் எந்தெந்தப் பாட்டை எப்படிப் பாடினார் என்று அண்ணன் ஒன்று சொல்ல, தங்கை ஒன்று மறுக்க, விவகாரம் மேல்ஸ்தாயியை எட்டிக்கொண்டிருந்தது. நான் அத்தியாயத்தின் தாள்களை மட்டும் சாம்பார் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.